கரையான்சாவடியில் ஒரு விசில்

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் பஸ்ஸில் ஆனந்தன் கண்டக்டராக வரும் நாட்களில் யாருக்கும் தூக்கம் வராது. அவ்வளவு வாய். படியில் தொங்குகிறவர்களைப் பார்த்து, உள்ள போங்கப்பா, உள்ள இன்னா பாம்பா கீது என்பார். இறங்க வேண்டிய இடத்தின் பெயரை மூன்று தடவை கத்திச் சொன்ன பிறகும் கோட்டை விட்டுவிட்டுக் கடைசியில் அலறுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். காது எதுக்கு கீது, கம்மல் மாட்டவா என்று கேட்டு பஸ்ஸையே சிரிக்கவைப்பார். இப்படிக் கேட்கிற மனிதருக்கு, அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்குகிற பழக்கம் அறவே கிடையாது. வந்த வினை எல்லாம் அதனால் வந்ததுதான்.

வாய்க்கு அடுத்தபடி அவருடைய விசில். ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு. கண்டக்டர் வேலையில் பாதி அதில்தான் இருக்கிறது. ஆனந்தன் இருபத்து மூன்று வருடமாக ஊதிக்கொண்டிருக்கிறார். பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தக் கரையில் நிற்கிறவனுக்கும் தன் விசில் கேட்கும் என்று பீற்றிக்கொள்வார். பீற்றல்தான் என்றாலும் டிரைவர் பரந்தாமன் அதற்குச் சாட்சி சொல்வான். பின்னாடி ஆனந்தன் நின்றால் எனக்குக் கண்ணாடியே தேவையில்லை என்பான். இருவரும் ஒன்பது வருடமாக ஒரே வண்டியில் ஓடுகிறவர்கள். முன்னால் இருப்பவன் பின்னால் இருப்பவரின் மூச்சை நம்பி வண்டியை எடுக்கிறான், அவ்வளவுதான் விஷயம்.

அந்த மூச்சுதான் கைவிடப் பார்த்தது.

சின்ன வயதில் ஆனந்தனுக்கு வீசிங் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் தானாகப் போய்விட்டது. போனது நாற்பத்தைந்து வயதில், பழைய வீட்டு விலாசத்தைத் தேடிப்பிடித்து வருகிற உறவுக்காரரைப் போலத் திரும்பி வந்தது. சாலை வேலைத் தூசி, முன்னால் போகிற லாரியின் புகை, மழைக்காலத்தில் ஈரம் காயாத ஜன்னல் ஓரம் என்று எல்லாம் சேர்ந்து நெஞ்சைப் பிடித்தது. பிடிக்கும்போதெல்லாம் திருநின்றவூரில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போவார். ஓர் ஊசி, மூக்கில் மாஸ்க் வைத்து கால் மணி நேரம் கேஸ் என்கிற மருந்துப் புகை. மறுநாள் காலையில் நெஞ்சு லேசாகிவிடும். லேசான நெஞ்சோடு எவன் டாக்டரை நினைப்பான்?

நினைத்தவள் அவருடைய மனைவி வரலட்சுமி. அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். காலை ரயிலில் இருவரும் ஒன்றாகத்தான் ஏறுவார்கள். அவர் ஆவடியில் இறங்கிவிடுவார், அவள் அம்பத்தூர் வரை போவாள். அந்தக் கொஞ்ச நேரப் பயணத்தில் தினமும் ஒரே பல்லவி. இப்படி மாசத்துக்கு ரெண்டு தடவை ஊசி போட்டுக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் முறையாகக் காட்டுங்கள் என்பாள். ஆனந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவருடைய பயம் நோய்மேல் அல்ல, வாயில் வைத்து மருந்து அடித்துக்கொள்கிற பம்ப் மேல். அதைக் கையில் எடுத்துவிட்டால் பிறகு விடவே முடியாது, அது கடைசி ஸ்டேஜில் இருப்பவனுக்குக் கொடுப்பது என்று யாரோ எப்போதோ சொன்னது மண்டைக்குள் ஆணியடித்து உட்கார்ந்துவிட்டது. அதுவும் போக, நிறைந்த பஸ்ஸில் ஒரு கண்டக்டர் பம்ப்பை எடுத்து வாயில் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஆடாதொடை, அந்தப் பக்கத்திலிருந்து தூதுவளை, பின்சீட்டிலிருந்து ஹைதராபாத் மீன் வைத்தியம். டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் பூந்தமல்லி வந்துவிடும்.

ஆகவே செப்டம்பரில் ஒரு நாள் வரலட்சுமியின் தொல்லை தாங்காமல் சுகாதார நிலையத்துக்குப் போனபோது, டாக்டரம்மா வாய் திறக்கும் முன்பே இவர் திறந்தார். "பம்ப் மட்டும் வேணாம் மேடம். மாத்திரையா குடுத்துடுங்க."

டாக்டரம்மா பொறுமைசாலி. பம்ப்பில் கெடுதல் எதுவும் இல்லை, மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, மாத்திரையைவிடக் கொஞ்சமாக எடுத்தால் போதும் என்று விளக்கினார். ஆனந்தன் தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டியது தலை மட்டும்தான். இந்த ஆள் பம்ப்பை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் பூட்டி வைப்பான் என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். சரி, பம்ப் வேண்டாம், கேப்சூல் தருகிறேன், அதைக் கருவியில் போட்டு மூச்சால் இழுக்க வேண்டும், எப்படி என்று மருந்து கொடுக்கும் இடத்தில் காட்டுவார்கள் என்றார். கேப்சூல் என்ற வார்த்தை காதில் விழுந்ததோடு ஆனந்தனுக்குக் காது அடைத்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டதே, பிறகென்ன.

மருந்து கொடுக்கிற இடத்தில் நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவியை எடுத்து, இதப் பாருங்க சார் என்று ஆரம்பித்தாள். ஆனந்தனுக்கு ஒன்றரை மணிக்கு டியூட்டி. "தெரியும்மா, தெரியும்" என்று சொல்லிக்கொண்டே கேப்சூல் டப்பாவையும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டார். நர்ஸ் பின்னாலேயே வாசல் வரை வந்து கூப்பிட்டாள். இவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரியிலிருந்து சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கேப்சூல், காலையில் இட்லிக்கு அப்புறம் ஒரு கேப்சூல். ஒரு டம்ளர் தண்ணீரோடு மடக்கென்று விழுங்கினார்.

அப்படியானால் அந்தப் பிளாஸ்டிக் கருவி? அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வாயில் வைக்கிற மாதிரி மூக்கு நீண்டிருந்தது. இருபத்து மூன்று வருடமாக வாயில் வைத்ததையெல்லாம் ஊதியே பழகிய மனிதர் அல்லவா? இது நுரையீரலுக்கு எக்சர்சைஸ் என்று அவராகவே முடிவு கட்டினார். கேப்சூலை விழுங்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, காலிக் கருவியை வாயில் வைத்துப் பத்துத் தடவை ஊதினார். தினமும் இரண்டு வேளை. வரலட்சுமி பக்கத்தில் நின்று எண்ணினாள். கணவன் ஒரு விஷயத்தில் இவ்வளவு ஒழுங்காக இருந்து அவள் பார்த்ததே இல்லை. பூரித்துப் போனாள், பாவம்.

மாதம் ஒருமுறை போகும்போது டாக்டரம்மா கேட்பார், மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று. ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று ஆனந்தன் நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். அது பொய்யும் இல்லை. காலி டப்பாவைக்கூடக் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டரம்மா குழம்பினார். மருந்தின் அளவை ஏற்றிக் கொடுத்தார். இவர் அந்தக் கேப்சூலையும் விழுங்க ஆரம்பித்தார்.

நவம்பர் மழை முடிகிறபோது விசில் மெலிந்துவிட்டது. ஒரு ட்ரிப்பில் நாற்பது ஐம்பது தடவை ஊத வேண்டிய வேலை. பத்தாவது ஸ்டாப்பிலேயே மூச்சு வாங்கியது. ஆனந்தன் ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு கம்பியில் டக் டக்கென்று தட்டிச் சமாளித்தார். பரந்தாமன் இரண்டு நாள் பார்த்தான், மூன்றாம் நாள் டீக்கடையில் கேட்டுவிட்டான். இன்னா மாமே, விசிலு தொலைஞ்சு பூட்ச்சா என்று. ஆனந்தன் தொண்டை சரியில்லை என்று மழுப்பினார்.

டிசம்பர் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கரையான்சாவடி ஸ்டாப்பில் கூட்டம் பிதுங்கியது. கீரை விற்கிற கமலம் காடுவெட்டியில் ஏறி எப்போதும் அங்கேதான் இறங்குவாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்படியில் ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தாள். இன்னொரு கால் இன்னும் படியில்தான் இருந்தது. அதற்குள் ஏறிக்கொண்டிருந்தவர்களில் எவனோ ஒருவன், அவசரக்காரன், பஸ்ஸின் பக்கத்தகட்டில் கிளம்பு என்று இரண்டு தட்டு தட்டினான். முன்னால் பரந்தாமன் கியரைப் போட்டான்.

ஆனந்தன் விசிலை வாயில் வைத்தார். நிறுத்து என்று ஒரே ஒரு நீள விசில், அவ்வளவுதான் வேண்டியது. நெஞ்சைப் பிடித்து ஊதினார். காற்றுதான் வந்தது. உஸ்ஸென்று ஒரு காற்று. காசு எந்தக் கையில் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. கத்த வாயைத் திறந்தார், அதுவும் வரவில்லை.

கூட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள். பரந்தாமன் பிரேக்கை மிதித்தான். கமலம் கூடையோடு தடுமாறி, கீரைக்கட்டு எல்லாம் ரோட்டில் சிதற, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு கீறல்கூட இல்லை. கீரையைப் பொறுக்கிக்கொண்டே டிரைவரைத் திட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? தப்பு முன்னால் இல்லை, பின்னால் என்று ஆனந்தனுக்கு மட்டும்தான் தெரியும்.

மீதி ஸ்டாப்புக்கெல்லாம் கம்பியில் காசைத் தட்டியே வண்டியைப் பூந்தமல்லி கொண்டுபோய்ச் சேர்த்தார். பஸ் நிலையத்தில் பரந்தாமன் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமே, நான் உன்ன நம்பிதான் வண்டிய எடுக்கறேன். ஒனக்கு ஒடம்பு முடிலன்னா சொல்லு. அந்தம்மா மட்டும் சக்கரத்துக்குள்ள போயிருந்தா நான் ஆயுசுக்கும் ஸ்டீரிங்க தொட மாட்டேன்."

அன்று சாயங்காலமே ஆனந்தன் டெப்போ மேனேஜர் முன்னால் போய் நின்று, நடந்ததை மறைக்காமல் சொன்னார். வாய்க்காரர்தான், கள்ளத்தனம் கிடையாது. மேனேஜரும் பழகிய மனிதர். ஜனவரி கடைசியில் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், தேறினால் வண்டி, தேறாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை டெப்போவுக்குள்தான் என்று முடிவைச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து ஆனந்தனுக்கு ஆபீஸில் ஒரு நாற்காலியும், பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன குடைகளையும் டிபன் பாக்ஸ்களையும் நோட்டில் எழுதிவைக்கிற வேலையும் கிடைத்தன. குடைகளோடு எவ்வளவு நேரம் பேச முடியும்?

அவரை அரித்தது நாற்காலி மட்டும் அல்ல. ஒருநாள் காலை ரயிலில் வரலட்சுமியிடம் மெதுவாகச் சொன்னார். மூணு மாசமா ஒரு வேளை தப்பாம மருந்து சாப்பிட்டும் கேக்கலன்னா, இனிமே எந்த மருந்தும் கேக்காதுன்னுதான் அர்த்தம், என் நுரையீரல் முடிஞ்சு போச்சு போல கீது என்று. சாவை நினைத்துப் பயப்படுகிற குரல் அது. அவள் அன்று பல்லவி பாடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆவடி வந்தபோது விட மனமில்லாமல் விட்டாள்.

டிசம்பர் மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஸ்கூட்டரில் ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், தலையில் முக்காடு, தோளில் பெரிய பை, கழுத்தில் அடையாள அட்டை. பெயர் சபீனா, முத்தாபுதுப்பேட்டைக்காரி. மருத்துவக் கல்லூரி ஒன்று இந்தப் பக்கத்துத் தெருக்களில் வீசிங் உள்ளவர்களைக் கணக்கெடுத்து ஆராய்ச்சி செய்கிறது, அதற்காக வந்திருப்பதாகச் சொன்னாள். ஆனந்தன் பெயரைச் சுகாதார நிலையத்தில் கொடுத்திருந்தார்கள்.

முதலில் ஒரு குழாயைக் கொடுத்து, நன்றாக மூச்சை இழுத்து ஒரே மூச்சில் ஊதச் சொன்னாள். ஊதினால் எண்களுக்கு நடுவே ஒரு சின்ன முள் நகரும். இவர் ஊதியதில் முள் இருநூற்றுப் பத்தில் நின்றது. உங்கள் உயரத்துக்கும் வயதுக்கும் ஐந்நூறை ஒட்டி வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் எழுதிக்கொண்டாள். பிறகு கேள்விகள். கொசுவர்த்தி கொளுத்துவீர்களா, அடுப்பு என்ன அடுப்பு, தலையணை உறை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், வேலையில் தூசி உண்டா, யாராவது பீடி சிகரெட் பிடிப்பார்களா. வரலட்சுமி காபி கொண்டுவந்து வைத்தாள். முடித்துவிட்டுக் குடிக்கிறேன் அக்கா என்றாள் சபீனா. ஆனந்தன் சலிப்போடு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்துபோன ஆளிடம் தலையணை உறையைப் பற்றிக் கேட்டால் வேறு எப்படிப் பதில் வரும்?

பத்தொன்பதாவது கேள்வி வந்தது. அவளுடைய தாளில் அது கேள்வியாகவே இல்லை. மருந்து எடுக்கும் முறையைச் செய்து காட்டச் சொல்லவும் என்று தடித்த எழுத்தில் போட்டு, அடியில் கோடு வேறு இழுத்திருந்தது. சபீனா நிமிர்ந்தாள்.

"அண்ணா, மருந்த எப்படி எடுக்கறீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க."

"அதான் ஒழுங்கா எடுக்கறேன்னு சொன்னனேம்மா."

"சொல்ல வேணாண்ணா. செஞ்சு காட்டுங்க."

காலை வேளைக் கேப்சூலை அவர் அன்று இன்னும் எடுத்திருக்கவில்லை. எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்தார். வரலட்சுமி பழக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். சபீனாவின் கண் அந்த டம்ளர் மேலேயே இருந்தது. ஆனந்தன் கேப்சூலை நாக்கில் வைத்துத் தண்ணீரை ஊற்றி மடக்கென்று விழுங்கினார். பிறகு கருவியை எடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, கன்னம் புடைக்க ஊதினார். ஒன்று, இரண்டு என்று வரலட்சுமி எண்ண ஆரம்பித்தாள். நான்கு வரை வந்தவள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

சபீனா சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று மட்டும் கேட்டாள். செப்டம்பரிலிருந்து என்றார். கேப்சூல் வயிற்றுக்குப் போகிற மருந்தே இல்லை, அதை அந்தக் கருவிக்குள் போட்டுத் திருகினால் உடைந்து உள்ளே பொடி விழும், அந்தப் பொடியை மூச்சால் இழுக்க வேண்டும், ஊதக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள்.

ஆனந்தன் கருவியைத் திருகித் திறந்து காலியாக இருந்த துளையைப் பார்த்தார். வரலட்சுமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏங்க, அந்த நர்ஸம்மா காட்டறேன்னு சொல்லலையா என்று கேட்டாள். சொன்னாங்க, நான்தான் தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன் என்றார் ஆனந்தன். மூன்று மாதம். ஒரு பொம்பளையின் காலை நசுக்கியிருப்பார்கள். எல்லாம் ஒரு தெரியும்மாவுக்காக. பிறகு அவருக்கு அடுத்த பயம் வந்துவிட்டது.

"வயித்துல போனது இன்னா பண்ணும்மா? எரநூறு கேப்சூல் முழுங்கி கீறேன்."

இழுக்கிற மருந்து துளியளவுதான், வயிற்றுக்குப் போனால் பெரும்பாலும் வீணாகத்தான் போகும், எதற்கும் நாளைக்கே டாக்டரம்மாவைப் பாருங்கள் என்றாள் சபீனா. போன வாரம் பார்த்த ஒரு அம்மா கேப்சூலை உடைத்துப் பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவிக்கொண்டிருந்தார், இன்னொருவர் பாலில் போட்டுக் குடித்தார் என்றும் சொன்னாள். எடுக்கிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் எடுக்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள், அதனால்தான் எங்கள் டாக்டர் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு இதைப் போட்டார் என்றாள். ஆனந்தனுக்கு அந்தத் தேன் அம்மாவை நினைத்துக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்புறம்தான் அவர் மனதில் இருந்ததைக் கேட்டார். இத்தனை நாள் மருந்து கேட்கவே இல்லையே, இனிமேல் கேட்குமா என்று.

"மருந்து கேக்கலன்னு யாருண்ணா சொன்னது? நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே."

ஆனந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்துபோனது என்று அவர் கணக்கு முடித்து வைத்திருந்த நுரையீரலை யாரோ திருப்பிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. வரலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. பத்து வரைக்கும் எண்ணினேனே, தினமும் எண்ணினேனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சபீனா அப்போதுதான் ஆறிப்போன காபியை எடுத்தாள்.

மறுநாள் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். விழுங்கியதால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று நெஞ்சையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துச் சொன்னார். ஏற்றிவைத்த அளவைத் திரும்ப இறக்கினார். பிறகு அதே நர்ஸைக் கூப்பிட்டார். ஆனந்தன் எழுந்து நின்று அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டார். அவளுக்கு எதற்கு என்று ஞாபகமே இல்லை. கேப்சூலைத் துளையில் செருகித் திருகவைத்தாள். முதலில் மூச்சை முழுக்க வெளியே விடச் சொன்னாள், கருவிக்குள் விடாதீங்க சார் என்று அழுத்தி. உதட்டை இறுக மூடி வேகமாக இழுக்கச் சொன்னாள். உள்ளே கேப்சூல் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. நாக்கில் லேசாக ஓர் இனிப்புத் தூள் பட்டது. பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்து, பிறகு வாய் கொப்பளித்தார். இப்போ எனக்குத் திரும்பச் செஞ்சு காட்டுங்க என்று, காலிக் கருவியை வைத்து மூன்று தடவை செய்துகாட்டவைத்துவிட்டுத்தான் விட்டாள். அன்றைக்கும் டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனந்தன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திடீர் இழுப்பு வந்தால் அடிக்க ஒரு பம்ப்பும் கொடுத்தார் டாக்டரம்மா. ஆனந்தன் அதை வாங்கிச் சட்டைப் பையில், விசிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சபீனா ஓர் அட்டை கொடுத்திருந்தாள். குழாயையும் ஒன்று விட்டுப்போயிருந்தாள். காலையும் மாலையும் ஊதி வருகிற எண்ணை எழுத வேண்டும். முதல் வாரம் இருநூற்று நாற்பது. இரண்டாம் வாரம் இருநூற்றுத் தொண்ணூறு. வரலட்சுமி வீட்டிலிருந்த கொசுவர்த்தியை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வலை கட்டினாள், தலையணை உறையை வாராவாரம் வெந்நீரில் போட்டாள். இப்போது அவள் கேப்சூலை எண்ணுவதில்லை, கடகட சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பாள். சத்தம் வராமல் டம்ளர் பக்கம் கை போனால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவைத்திருந்தாள்.

பொங்கல் நெருங்கியதும் சபீனாவும் அவளோடு வேலை பார்க்கிறவர்களும் தெருத்தெருவாக வந்தார்கள். போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தாதீர்கள், வீசிங் உள்ளவர்கள் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருங்கள் என்று சொல்லிப் போனார்கள். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் விடியற்காலையிலேயே கொளுத்திவிட்டார்கள். பனியும் புகையும் சேர்ந்து எதிர்வீடு தெரியவில்லை. போன வருடம் இதே காலையில் ஆனந்தன் கிளினிக் பெஞ்சில் மாஸ்க்கோடு கிடந்தார். இந்த வருடம் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, கேப்சூலை இழுத்துவிட்டு, பம்ப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வரலட்சுமி அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்குக் குழாயை எடுத்து ஊதினார். முந்நூற்று நாற்பது. இறங்கியிருந்தது, ஆனால் இருபதுதான். பம்ப்பைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு இட்லி எத்தனை சாப்பிட்டார் என்பது அந்த வீட்டு ரகசியம்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி பரிசோதனை. அங்கே இருந்த டாக்டர் வயதானவர், சிடுசிடுப்பு. ஆனந்தன் சபீனாவின் அட்டையை நீட்டினார். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கருவியை நீட்டினார். மூன்று தடவை ஊதவைத்தார். படி ஏறி இறங்கச் சொன்னார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். கடைசியில்தான் அந்த அட்டையை எடுத்து முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தார். நானூற்றுப் பத்து. இருநூற்றுப் பத்திலிருந்து ஐந்து வாரத்தில் எப்படி வந்தது என்று கேட்டார். ஆனந்தன் ஒளிக்காமல் சொன்னார். கேட்டுவிட்டு அந்தச் சிடுமூஞ்சி டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. மருந்தை நிறுத்தக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், தூசியில் முகக்கவசம் போட வேண்டும் என்று எழுதி, அதற்குக் கீழே வண்டியில் போகலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை. பரந்தாமன் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து கண்ணாடியில் பின்னால் பார்த்தான். ஆனந்தன் பையை மாட்டிக்கொண்டு ஏறினார். ஆனந்தன் இரண்டு விசில் அடித்தார். பரந்தாமன் ஹாரனை ஒரு தடவை வேண்டுமென்றே அழுத்திவிட்டு வண்டியை எடுத்தான். பருத்திப்பட்டு வருவதற்குள் பழைய வாயும் திரும்பிவிட்டது.

கமலம் வழக்கம்போல காடுவெட்டியில் ஏறினாள். கரையான்சாவடியில் வழக்கம்போலக் கூட்டம். கூடையை இடுக்கிக்கொண்டு பின்படிக்கு வந்தாள், ஒரு காலைத் தரையில் வைத்தாள். வெளியே எவனோ ஒருவன் தகட்டில் இரண்டு தட்டு தட்டினான்.

ஆனந்தன் ஊதினார். ஒரே விசில், நீளமாக, கரையான்சாவடி சிக்னலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி. பஸ் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"காதாண்ட வந்து ஊதற, காது போச்சுய்யா கண்டக்டரே" என்றாள் கமலம்.

எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிற மனிதர், "எறங்கிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் இரண்டாவது காலையும் தரையில் வைத்து, கூடையை இறக்கி, சேலையைச் சரி செய்து, எறங்கிட்டேன்பா, போ என்று சொல்கிறவரை படியில் நின்று காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் இரண்டு விசில் அடித்தார்.